குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

என் அப்பா குடிக்கமாட்டார். இந்த வாக்கியத்தை என்னைப்போல் அடிக்கடி சொன்னவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் அது குடிகாரன் மகன் பேசுவதைப் போலவே ஒலிக்கும். கேட்பவர் தலையை ஆட்டுவார். என் தோளைத் தட்டுவார். "நீ நல்லா படி தம்பி, அது போதும்" என்பார். அந்தத் தட்டலோடு என் பேச்சு முடிந்துவிடும்.

நாங்கள் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் தக்காளி போட்டுப் போட்டுச் சலித்துப்போன அப்பாவை, அம்மாவின் அண்ணன்தான் ஓசூருக்கு வரவழைத்து ஃபவுண்டரியில் சேர்த்துவிட்டார். மாமா அங்கே உலை ஆபரேட்டர். அப்பா மணல் பிரிவில் ஹெல்பர். வார்ப்பு ஆறியதும் அச்சை உடைத்து, சுடுமணலை வாரி வண்டியில் கொட்டுவது அவர் வேலை. அவர் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் இன்றுவரை அப்பாவின் நாக்கில் வந்ததில்லை. யாராவது கேட்டால், "பையன் ரத்தம் படிக்கிறான்" என்பார்.

கம்பெனி பார்டர் பக்கம் இருந்தது. ஷிப்ட் விட்டதும் ஒரு கூட்டம் பார்டர் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகும். அந்த வருடங்களில் கர்நாடகப் பக்கம் பாக்கெட் சாராயம் விற்றார்கள். உறையின் மூலையைப் பல்லால் கடித்து, நின்ற இடத்திலேயே உறிஞ்சிவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறுவார்கள். அப்பா கம்பெனி வாசலில் ஏறும் பஸ்ஸும் அதுதான். அவரைச் சுற்றி நின்றவர்களின் வாடை அவர் சட்டையிலும் கொஞ்சம் வரும்.

இப்படி ஒருநாள் ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கியவர், படியை விட்டு நாலு எட்டு வைத்ததும் சரிந்து விழுந்தார். எழுப்பி உட்காரவைத்தவர்கள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு மணல் வண்டியைத் தள்ளும்போது ஒருமுறை கண் இருண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் பார்க்க வாந்தி எடுத்தார். அதில் ரத்தம் இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தள்ளாடி விழுகிறவனும் ரத்த வாந்தி எடுக்கிறவனும் யார் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். குடல் வெந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு முன்னால் இருந்த பொதுக் குழாயில் அம்மா குடத்தை வைத்தால், பேச்சு நின்றுவிடும்.

நான் ஒரு நாளும் அப்பாவைச் சந்தேகப்படவில்லை. அவரைத் தெரிந்தவன் நான். ஆனால் நம்பிக்கை இருந்தால் வெட்கம் அண்டாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெட்கம் அடுத்தவர் கண்ணிலிருந்து வருவது. உள்ளே இருக்கும் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு அது வருவதில்லை. கல்லூரி பஸ்ஸுக்காக நிற்கும்போது எவனாவது என்னைப் பார்த்துவிட்டு நண்பன் காதில் ஏதோ சொன்னால், என் காது சூடாகிவிடும்.

ரத்தப் பரிசோதனைக்கு அப்பாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். முடிவை வாங்கிப் பிரித்துப் படித்தபோது, வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவன் நான் என்ற பெருமை ஒரு நிமிடம் இருந்தது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ரத்தம் உறையும் நேரம் சரி. கல்லீரலும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் பாதாளத்தில் கிடந்தது. ரத்தத்தை நிறுத்தவேண்டியதெல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அது ஏன் கசிகிறது என்று எனக்குப் புரியவில்லை. பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் அது பெரிய கேள்வியாகப் படவில்லை.

"கல்லீரல் இப்போதைக்குத் தப்பிச்சிருக்கு. இதோட குடிய நிறுத்தச் சொல்லு" என்றார்.

"அப்பா குடிக்கமாட்டார் சார்."

"சரிப்பா. நிறுத்தச் சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். வந்ததும் உட்காரவில்லை.

"மாப்ள, நேராவே கேக்கறேன். பிராந்தியா, பாக்கெட்டா?"

அப்பா சிரித்தார். "ரெண்டும் இல்ல மாமா. டீதான்."

"சிரிக்காத மாப்ள. சூப்பர்வைசரு என்ன நிக்க வெச்சி அத்தன பேரு முன்னாடி கேக்கறான். உன் ஆளு உலையில உழுந்தா நான் உள்ள போய் உக்காந்துகினு கம்பி எண்ணணுமான்னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்ல?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ண்ணா, அவரு வாயில பீடிகூட வெச்சதில்ல. கூட படுத்து எந்திரிக்கறவ எனக்குத் தெரியாதா?"

"எல்லா பொம்பளைங்களும் இப்படித்தாம்மா சொல்லும். உங்கண்ணிகூட ஊருக்கெல்லாம் இதையேதான் சொல்லிகினு இருந்தா, நான் சாக்கடையில கெடந்தப்பவும்."

அது உண்மை. மாமா ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். கயிறு கட்டி நிறுத்தியவர்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். குடியை விட நினைப்பவன் கோயிலில் போய்ச் சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வான். கயிறு கையில் இருக்கும்வரை கூட்டாளிகளே, "கட்டியிருக்கான்டா, அவனை உடு" என்று ஒதுங்கிப் போவார்கள். எங்கள் ஃபவுண்டரியில் அந்தக் கயிற்றுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. குடித்துவிட்டு வந்ததாக வெளியே நிறுத்தப்பட்டவன் கயிற்றோடு வந்து நின்றால், கேட்டிலேயே சூப்பர்வைசர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார். இது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. எல்லோருக்கும் தெரியும்.

"நீயும் போய்க் கட்டிக்க மாப்ள" என்றார் மாமா.

"கட்டலைன்னா?" என்று அப்பா கேட்டார்.

"கேட்டுக்கு வெளியதான்."

அப்பா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். எனக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது.

"கயிறுதான மாமா. கட்டிக்கறேன்."

காவேரிப்பட்டினம் தாண்டி, தென்பெண்ணைக் கரை ஓரமாக இருந்தது அந்தக் கோயில். மாமா, அப்பா, அம்மா, நான் என நான்கு பேரும் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ பிடித்துக்கொண்டு வந்த ஆண்கள். ஒருவன் நிற்க முடியாமல் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி என் அம்மாவிடம், "உங்க ஊட்டுக்காரரு பரவால்லக்கா, தெளிவா நிக்கறாரு. இது காலையிலயே போட்டுகினு வந்திருக்குது, கடைசி தடவையாம்" என்றாள். "இவர் குடிக்கமாட்டார்" என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பெண்ணை விட்டு விலகி நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண் என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் உச்சுக்கொட்டினாள். அவள் பார்வையில் நான் அவளுடைய பிள்ளையைப் போன்றவன்.

எங்கள் முறை வந்தது. பூசாரிக்கு அவசரம்.

"என்னா குடிப்ப?"

"எல்லாந்தான் சாமி" என்றார் மாமா.

"அந்தாளு சொல்லணும். சாமி முன்னாடி வாயைத் தொறந்து சொல்லு, இனிமே குடிக்கமாட்டேன்னு."

"குடிக்கமாட்டேன்" என்றார் அப்பா.

"இனிமேன்னு சேத்துச் சொல்லு."

அப்பா கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் பின்னால் இருந்த யாரோ, "சொல்லுய்யா, வெயில் ஏறுது" என்றார். வேறு யாரோ சிரித்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். அப்பா பொய் பேசமாட்டார் என்றெல்லாம் பெரிதாக எழுத நான் வரவில்லை. நிலத் தகராறில் தேவைப்பட்டபோது பேசியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு சொல் அவருக்கு வாயில் வர மறுத்தது. மாமா முதுகில் மெல்ல இடித்தார். அப்பா சொன்னார். பூசாரி மஞ்சள் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, அடுத்தவனைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா உற்சாகமாக இருந்தார். வறுகடலை வாங்கி எல்லோர் கையிலும் கொட்டினார். அப்பா முழுக்கைச் சட்டையின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார்.

கேட்டில் கயிற்றைக் காட்டி வேலைக்குப் போனார். ஆனால் உடம்புக்குள் எதுவும் மாறவில்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. மழை பெய்து முடிந்த ஒரு மாலையில் மத்திகிரி நிறுத்தத்தில் மறுபடி விழுந்தார். இந்த முறை கையில் கயிறு இருந்ததால் பேச்சு முன்பைவிட மோசமாக வந்தது. "சத்தியத்த மீறிட்டான். சாமி சும்மா உடுமா?" கூட்டத்தில் ஒருவர் கயிற்றை அறுத்துவிடலாம் என்றுகூடச் சொன்னாராம், சாமிக்கு அவமானமாம்.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவரும் முதலில் கயிற்றைத்தான் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை அப்பாவின் நெஞ்சில் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

"இந்தச் சத்தத்தை இதுக்கு முன்னாடி யாருமே கேக்கலையா?" என்றார்.

எங்களைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே அப்பாவின் இதயத்தைத் திரையில் பார்த்த மருத்துவர் கன்னடக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்றார். திறக்கவேண்டிய அளவில் ஒரு கீற்றுதான் திறக்கிறது. அதனால்தான் உடம்பை அசைத்து வேலை செய்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் விழுகிறார்.

"அப்போ ரத்தக் கசிவு, சார்?" என்றேன்.

"நீ என்ன படிக்கறே?"

சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்போ உன்கு சொல்றேன், கேளு. டெஸ்ட் டியூப்ல ரத்தம் நிக்குது. உங்கப்பா உள்ளே ஓடுது. நிக்கற ரத்தத்துகிட்ட கேட்டா எல்லாம் சரின்னுதான் சொல்லும்."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ரத்தத்தில் ஒரு மிக நீளமான புரதம் இருக்கிறது. சாதாரணமாக அது நூல்கண்டுபோலச் சுருண்டு மிதக்கும். எங்காவது ரத்தக்குழாய் கிழிந்தால், கிழிசலைப் பற்றிக்கொள்ளும். ஓடுகிற ரத்தம் அதை இழுக்க, கண்டு பிரிந்து நீளும். நீண்ட இழையில்தான் தட்டணுக்கள் வந்து ஒட்டி, ஒன்றையொன்று விழிப்பூட்டி, ஓட்டையை அடைக்கும். அதாவது அந்த வேலைக்கே ஓட்டத்தின் இழுப்பு வேண்டும். ஆனால் அப்பாவின் வால்வுக் கீற்றில், விரலால் அழுத்திய ஹோஸ் முனையில் தண்ணீர் பீறிடுவதுபோல ரத்தம் பீறிட்டது. கிழிசல் எதுவும் இல்லாமலே அந்த வேகம் கண்டுகளைப் பிரித்து இழுத்தது. இழுபட்டு நிற்கும் இழையைக் கண்டால் நறுக்கிவிடுகிற நொதி ஒன்றும் ரத்தத்திலேயே இருக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு அது நறுக்கித் தள்ளியது. மிஞ்சிய துண்டு இழைகளில் தட்டணுக்கள் ஒட்டுவதில்லை. அவை எண்ணிக்கையில் குறையவில்லை. பிடித்துக்கொள்ளத்தான் எதுவும் இல்லை. குடலில் மெலிந்த குழாய்கள் இருந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

"தட்டணுக்கள் ரத்தம் உறைய உதவுகின்றன" என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ரத்தம் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஓடுவதே ஒரு விசை, அது மூலக்கூறைப் பிடித்து இழுக்கும், உருவத்தை மாற்றும், வெட்டக் கொடுக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எப்போதும் குழாயில் நின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "டாக்டரு ஒரு தடவகூட கேக்கலடா, குடிப்பாரான்னு" என்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

கம்பெனிக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாட்டின் இதய உறையில் செய்த வால்வு என்று தெரிந்ததும் அப்பா, "நம்ம மத்திகிரி பண்ணை மாடா இருந்தா பழக்கப்பட்டதா இருக்கும்" என்றார். நர்ஸ் ஊசி போடக் கையைத் திருப்பி, கயிறு இருந்த இடத்தில் வெளுத்திருந்த வளையத்தைப் பார்த்தாள். அறுவைக்கு முன் கயிற்றை வெட்டி எடுத்திருந்தார்கள்.

வால்வு மாறிய சில நாட்களிலேயே நீள இழைகள் திரும்ப வந்துவிடும் என்று மருத்துவர் சொன்னபடியே நடந்தது. கசிவு நின்றது. வெளிறியிருந்த நகத்தடியில் நிறம் ஏறியது. சில மாதங்களில் அப்பா பார்க்கப் பத்து வயது குறைந்தவராக இருந்தார்.

அதுதான் வினையாகப் போயிற்று. கயிறு கட்டினார், கொஞ்ச நாளில் ரத்த வாந்தி நின்றது, தள்ளாட்டம் நின்றது, முகம் தெளிந்தது. ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? குடித்துக் கெடுத்துக்கொண்ட நெஞ்சைப் பெங்களூரில் அறுத்துச் சரிசெய்தார்கள், இப்போது ஆள் திருந்திவிட்டார். இவர் குடித்ததே இல்லை என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி, கயிறு கட்டிய பிறகும் ரத்தக் கசிவு நிற்கவில்லை என்பதுதான். இப்போது அதையும் காட்ட முடியாமல் போயிற்று.

ராயக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மாமா, "நான் அன்னிக்கு இழுத்துகினு போகலைன்னா மாப்ள இன்னிக்கு போட்டோல இருப்பாரு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். பாத்திரம் கழுவ வைத்திருந்த ஹோஸை எடுத்து, முனையை அழுத்திக் காட்டி, வால்வு, வேகம், புரதம், தட்டணு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஒருவர் வேட்டியில் பட்டது. எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் ஒரு சித்தப்பா சொன்னார்:

"அட, அப்ப எனக்கும் அதே வியாதிதான்டா. சாயங்காலம் ஆனா போதும், ரத்தம் வேகமா ஓடுது, கால் நிக்க மாட்டேங்குது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாமா எழுந்து வந்து என் கையிலிருந்த ஹோஸை வாங்கிக் கீழே போட்டார். "உடுடா கண்ணு. உட்டுட்டாரு இல்ல? அதுல என்னா அசிங்கம், அதான் பெருமை" என்றார். அவர் கண்ணில் கேலி இல்லை. அதுதான் என்னைக் கூசவைத்தது. அப்பா சற்றுத் தள்ளி, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படித்த படிப்பு முழுவதையும் அவருக்காக அவர் முன்னால் கொட்டி, அவரை இன்னொருமுறை குடிகாரர் ஆக்கிவிட்டேன்.

மத்திகிரியில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, "நீ சொல்லச் சொல்ல அவனுங்க நெனப்பு கெட்டியாவுதுடா" என்றார் அப்பா. கோபமாக இல்லை.

அதற்கு அடுத்த மாதம், ஃபவுண்டரியில் அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு என் வயதுதான் இருக்கும். கண் மஞ்சளாக இருந்தது. நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் குந்தினான்.

"ண்ணா, எங்க பேச்சு இவனுக்கு ஏறல" என்றார் வந்தவர். "நீ எப்படி உட்டன்னு நீயே சொல்லு. உன்னப் பாத்தா கேப்பான்."

நான் கட்டிலில் புத்தகத்தோடு இருந்தேன். இதோ, வீடு தேடி வந்து நேருக்கு நேர் கேட்கிறார்கள். சிரிப்பதற்குக் கூட்டம் இல்லை. இப்போது அப்பா சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று நிமிர்ந்தேன்.

அப்பா அந்தப் பையனைப் பார்த்தார். அவன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, நடுக்கம் தெரியாமல் அழுத்தி வைத்திருந்தான்.

"மொத வாரந்தான் சாமி கஷ்டம்" என்றார் அப்பா.

பையன் நிமிர்ந்தான். "தூக்கமே வர்ல ண்ணா. உனக்கு வந்துச்சா?"

"எனக்கும் வர்ல."

"அந்த நெனப்பு வந்தா இன்னா பண்ணுவ?"

அப்பா யோசித்தார். பஸ்ஸில் தன்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ. "அந்தப் பஸ்ஸ உட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வருவேன். கூட்டத்தோட வர மாட்டேன்" என்றார். "வயித்த காலியா வெக்காத. இப்ப சாப்ட்டியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தட்டை எடுத்தாள். அவன் கையை வெளியே எடுத்துச் சோற்றைப் பிசையத் தொடங்கியதும், அப்பா எழுந்து என் பக்கம் வந்து, அவன் கை தெரியாதபடி எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.